எந்த ஆபத்துக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைத்து நெசவைத் தொடரலாம். மடை உடைந்தால் மண்ணிட்டு அடைக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு உழைப்பவரே வீழ்ந்துவிட்டால் அதற்கு ஈடு ஏது? உயிருக்கு ஈடில்லை, எனினும் எஞ்சியுள்ளோர் கடனாளிகளாகாமல் காக்க வழியுண்டு. அதுவே இன்ஷூரன்ஸ்.

கூட்டுறவாளராகிய நமக்கு இத்தத்துவம் புதியதன்று. பலர் சிறுகச் செலுத்தும் பிரீமியம், அவர்களுள் துன்பமுற்ற சிலருக்குப் பெருந்தொகையாய்ச் சென்று சேருகிறது. ஆயினும் ஒவ்வொரு பாலிசியும் ஒரு குறிப்பிட்ட ஆபத்துக்கே உதவும். இதனை அறியாத குடும்பம், உதவி வேண்டிய நாளில் ஏமாற்றமடைய நேரிடும். ஆகவே வகைகளைப் பிரித்தறிவோம்.

1. ஆயுள் இன்ஷூரன்ஸ்

1956 செப்டம்பர் 1ஆம் நாள், 245 ஸ்தாபனங்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் அலுவல்களை ஏற்று ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியது. இப்போது தனியார் கம்பெனிகளும் இத்தொழிலை நடத்துகின்றன. பாலிசிகளுள் முக்கியமானவை இரண்டு வகை.

முதலாவது, தவணைக்கால பாலிசி. குறித்த காலத்துக்குள் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்குத் தொகை கிடைக்கும். காலம் கடந்து உயிரோடிருந்தால் பொதுவாக எதுவும் திரும்பாது. அதனால்தான் குறைந்த பிரீமியத்தில் பெருந்தொகைக்குக் காப்புப் பெறலாம். இரண்டாவது, சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி. முதிர்வுக் காலத்திலும் பணம் வரும். ஆனால் அதே தொகைக்குப் பிரீமியம் மிக அதிகம். தொடக்க ஆண்டுகளில் நிறுத்தினால் நஷ்டமும் பெரிது. சிறு குழந்தைகளை உடையவர் முதலில் தேடவேண்டியது போதுமான காப்பையே.

2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டம் முதல் வகையைச் சேர்ந்தது. பாங்கிக் கணக்குள்ள 18 முதல் 50 வயது வரையானோர் இதில் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். காப்புத் தொகை 2 லட்சம். புதிதாய்ச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும்.

2. விபத்து இன்ஷூரன்ஸ்

அதே ஆண்டில் வந்த பிரதம மந்திரி சுரக்ஷாத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் மரணமோ, இரு கண்களின் அல்லது இரு கைகளின் இழப்போ நேர்ந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ இழந்தால் 1 லட்சம். மாரடைப்பு இதில் சேராது. பாம்புக்கடியும் மரத்திலிருந்து வீழ்வதும் சேரும். ஆனால் உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும். நாட்டு வைத்தியத்தோடு நின்றுவிட்டால் உயிரும் போகும், சான்றும் இராது.

இவ்விரு திட்டங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 456 ரூபாய். மாதத்துக்கு 38 ரூபாயே.

3. மருத்துவ இன்ஷூரன்ஸ்

இது சிகிச்சைச் செலவை ஏற்பது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டபின், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உதவுகிறது. பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்குமே அது செல்லும். தனிப்பட்ட பாலிசி எடுப்போர் முன்பே உள்ள நோயை மறைக்கலாகாது. மறைத்தால் பணம் மறுக்கப்படலாம். படுக்கையிலிருந்த நாட்களின் கூலியை இவ்வகை பொதுவாக ஈடுசெய்யாது. அதற்குச் சங்கத்தில் சேர்த்த சிக்கனச் சேமிப்பே துணை.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறிய இரு பிரதம மந்திரித் திட்டங்களின் பிரீமியம் மே மாத இறுதியில் பாங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அன்று பணமில்லையேல் காப்பும் இல்லை. வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்க. மணமானபின் அதனைத் திருத்துக. பாலிசி இருக்குமிடம் மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும். துயரம் நேர்ந்தால் இயன்றவரை 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆய்வுக் குழுவில் விவாதிக்க

அ. நம் சங்க அங்கத்தினருள் எத்தனை பேருக்கு மேற்கண்ட காப்புகள் உள்ளன?
ஆ. அவர்களுடைய குடும்பத்தார் அதனை அறிவார்களா?
இ. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கத்தினருக்கு நினைவூட்டும் பொறுப்பை யார் ஏற்பது?