இரும்புச் சோதனையைக் குழாயடியிலேயே செய்யுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் சொசைட்டியில் துணி துவைக்கவும் கழிவறைக்கும் போர் தண்ணீர்தான். பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது. பக்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இரும்புச் சோதனை கிட் வாங்கினோம். இரவு பாட்டிலில் பிடித்துவைத்து, காலையில் மேலே தெளிந்த நீரில் சோதித்தால் நிறமே வரவில்லை. கிட் கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, கன்னம்வார் நகர், விக்ரோலி கிழக்கு, மும்பை

பதில்: கிட்டைச் சந்தேகிக்கும் முன் பாட்டிலின் அடியைப் பாருங்கள் அம்மா. துருநிறத்தில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். நீங்கள் தேடிய இரும்பு அதுதான்.

மும்பையின் அடியில் கிடப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அதில் இரும்பு தாராளம். காற்றுப் படாத ஆழத்து நீரில் அது ஃபெரஸ் வடிவில், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் ஃபெரிக்காக மாறி, கரையாத துருவாகப் பிரிந்துவிடும். பெரும்பாலான கிட்களில் உள்ள பினாந்த்ரோலின் என்ற மருந்து, ஃபெரஸ் இரும்போடு சேர்ந்துதான் ஆரஞ்சுச் சிவப்பைத் தரும். ஃபெரிக்கைத் திரும்ப ஃபெரஸாக்கும் பொருளையும் கூடவே வைத்திருப்பார்கள். ஆனால் அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை எடுத்தால் எந்த மருந்தும் உதவாது.

ஆகவே மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயடியிலேயே நீரைப் பிடித்து உடனே மருந்தைச் சேருங்கள். கிட்டோடு வந்த தாளில் சொன்ன நேரம் காத்திருந்து, பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத்தாள் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் இந்த நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிச் சிவந்தால், புதிதாகப் பிடித்த நீர் ஒரு பங்குக்குக் காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வரும் அளவை 5-ஆல் பெருக்குங்கள்.

அதே குழாயில் இன்னொரு முறை புதிதாகப் பிடித்த நீரை உடனே வடிதாளில் வடித்தும் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே நிறம் வந்தால் இரும்பு கரைந்தே வருகிறது. கோளாறு நிலத்தடி நீரில். வடித்த நீரில் நிறம் வெகுவாகக் குறைந்தால், பைப்பிலோ தொட்டியிலோ உரிந்த துருவைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டு வடிதாள் ஆய்வகத் துல்லியம் தராது, ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இல் 2012-இல் அதே 0.3 தான் இருந்தது. 2015 திருத்தத்தில் 1.0 ஆக உயர்த்தினார்கள். அதனால் 0.6 வந்தால், தரத்துக்குள் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். உங்கள் சட்டை கறையாவதும் உண்மைதான்.

அந்தச் சட்டைகளுக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். குளோரின் இரும்பைத் துருவாக்கி நூலிலேயே பிடித்துவைக்கும். எலுமிச்சைச் சாறு தேய்த்து அலசிப் பாருங்கள்.

இரும்பு கரைந்துதான் வருகிறது என்று உறுதியானால், போர் நீரைத் தூவலாகத் தொட்டியில் விழவிட்டு, காற்றுப் படச்செய்து, படியவிட்டு, மணல் ஃபில்டர் வழியே அனுப்பச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இதே கிட்டால் கமிட்டியார் எதிரில் சோதியுங்கள். இரும்பு நீங்கினாலும் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. கிருமியைப் பற்றி இந்த கிட் எதுவும் சொல்லாது.