விலையும் வாழ்வும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றாம். அவற்றுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது உணவு. அவ்வுணவு ஊர்ப்புறத்தார்க்கு ஒருவகையாகவும் நகரத்தார்க்கு வேறொரு வகையாகவும் கிடைக்கின்றது.

தென்காசியை அடுத்த ஆய்க்குடி, அனுமன் நதியால் வளம் பெறும் ஊர். அங்கு நிலமுடைய உழவன், விளைந்த நெல்லில் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துக்கொண்டு எஞ்சியதை விற்பான். அவன் உண்ணும் சோற்றுக்கு அங்காடி விலை இல்லை. பிழைப்பு நாடிச் சென்னைக்குச் சென்ற அவ்வூர்க் கூலியாளுக்கோ, காலைக் காப்பி முதல் இரவுச் சிற்றுண்டி வரை அனைத்தும் காசுக்கே கிடைக்கும். ஆதலின் விலையேற்றம் அவனையே முதலில் தாக்கும்.

2025 செப்டம்பரில் சென்னைத் தேநீர்க்கடைகள் பலவற்றில் ஒரு குவளைக் காப்பியின் விலை 15 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக உயர்ந்தது. ஐந்து ரூபாய்தானே என்று சிலர் எண்ணலாம். நாள்தோறும் இருமுறை காப்பி அருந்துவோனுக்கு அது திங்கள்தோறும் 300 ரூபாய் கூடுதற் செலவாகும்.

கடைக்காரரின் பேராசையே இதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. பால், சருக்கரை, எரிவாயு, வாடகை, கூலி ஆகிய அனைத்தும் அக்குவளையுள் அடங்கியுள்ளன. காப்பி நம் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் விளைவதாயினும், அதன் விலை உலகச் சந்தையைத் தழுவியே ஏறி இறங்கும். காப்பி மிகுதியாக விளையும் நாடு பிரேசில். அங்கு 2024இல் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் அராபிகா வகைக் கொட்டையின் விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரையும் கடந்தது. எங்கோ பொய்த்த மழை ஈண்டு ஏழையின் கைப்பொருளைக் குறைக்கின்றது.

ஏழையர் பசி தீர்க்க, 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கிற்று. அப்போது ஓர் இட்டலி 1 ரூபாய்க்கும், சாம்பார்ச் சோறு 5 ரூபாய்க்கும், தயிர்ச் சோறு 3 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. அவ்விலைக்கு அவற்றை ஆக்குதல் இயலாது. உண்பவர் கொடாத எஞ்சிய தொகையைப் பொதுப்பணமே நிரப்பிற்று.

இவற்றால் விளங்குவது யாது? விலை குறைவதால் செலவு மறைந்துவிடுவதில்லை. அதனை வேறொருவர் சுமக்கின்றார். நெல் விலை தாழ்ந்தால் ஆய்க்குடி உழவன் வருந்துவான். உயர்ந்தால் சென்னைக் கூலியாள் வருந்துவான். விளைவிப்போனும் உண்போனும் ஒருங்கே வாழத்தக்க விலையே நல்ல விலை. அவ்விலை அமையாத காலத்து இடைநின்று தாங்குதல் அரசின் கடன்; இலையில் இட்ட சோற்றை வீணாக்காது உண்ணுதல் உண்பார் கடன்.