காசு பழக்கிய கண்

சித்தாந்தம் பயில்வார் பலர் வினவும் வினா ஒன்றுண்டு. உலகப்பொருள் நிலையாதென்பது நூலானும் ஆசிரியனானும் ஐயமற விளங்கிய பின்னரும், திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுக என மெய்கண்டதேவர் பணித்தது எற்றுக்கு? ஞானம் விளங்கியவழி மீண்டும் செய்யக்கிடந்தது யாது? சிவஞானபோதம் 9-ஆம் சூத்திரத்து மூன்றாம் அதிகரணம் இதற்கு விடை கூறுகின்றது. வேம்பு தின்று பழகிய புழு இனியதனைச் சார்ந்தும் வேம்பினையே நாடுமாறுபோல, உயிரும் தான் முன்பு நோக்கியதனையே மீள நோக்கும் என்பது அதன் கருத்து. இவ்வுவமை புழுவிற்கன்றி மக்கட்குப் பொருந்தாதென்பாரும் உளர். அன்னார் பொருட்டு, நம் காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கண்ணின் நோக்கத்தைச் சோதித்தறிந்த செய்தியை ஈண்டு எடுத்துரைப்பாம்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாராகிய ஆண்டர்சன், லாரன்ட், யாண்டிஸ் என்னும் மூவர் தம் சோதனையை வெளியிட்டனர். திரையொன்றில் பலநிற வட்டங்கள் ஆறு ஒருங்கே தோன்றும். அவற்றுள் சிவப்பாயினும் பச்சையாயினும் ஆகிய வட்டத்தைக் கண்டு, அதனகத்துள்ள கோடு நிமிர்ந்துளதோ கிடந்துளதோ என விசையை அழுத்தி அறிவித்தல் வேண்டும். பிழையின்றி விரைந்து அறிவித்தார்க்குக் காசு உண்டு. ஒரு நிறத்திற்குப் பெரும்பாலும் 5 சென்ட். மற்றை நிறத்திற்குப் பெரும்பாலும் 1 சென்ட். எந்நிறம் மிகுபொருள் தருவதென்பது ஆட்கள்தோறும் மாற்றியமைக்கப்பட்டமையின், நிறத்தின் இயற்கைப் பொலிவே கண்ணைக் கவர்ந்ததென்று கூறுதற்கு இடமில்லை. இப்பயிற்சி ஆயிரமுறைக்கு மேலும் நிகழ்ந்தது.

பின்னர் வேலை மாறியது. நிறத்தைக் கருத வேண்டா, வடிவத்தால் வேறுபட்டதனையே தேடுக என்றனர்; வட்டங்களினிடையே ஒரு சாய்சதுரம், அன்றிச் சாய்சதுரங்களினிடையே ஒரு வட்டம். காசும் நிறுத்தப்பட்டது. ஆயினும், தேடப்படாத உருவங்களுள் ஒன்று பழைய நிறத்தைத் தாங்கி நின்றபோது விடை தாழ்த்தது. மிகுபொருள் தந்த நிறமாயின் இன்னும் தாழ்த்தது. தாழ்த்தது விநாடியின் மிகச் சிறு கூறே எனினும், கண்ணின் செலவு அத்தகைய சிறு கூறுகளால் ஆயதேயன்றோ? காசின்றி அப்பயிற்சியை மட்டும் பெற்றவர்பால் இத்தாழ்வு காணப்படவில்லை. ஆண்டர்சனும் யாண்டிசும் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், முன் பயின்றாரைப் பல திங்கள் கழித்து அழைத்துச் சோதித்தனர். இடையில் அந்நிறங்களுக்கு யாதொரு பரிசும் அளிக்கப்படாதிருந்தும், கண் பண்டை நிறத்தை மறந்திலது.

இவற்றினும் வியத்தற்குரியது ஆஸ்திரேலியாவிற் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் லெ பெல்லியும் அவர்தம் குழுவினரும் 2015-இல் வெளியிட்டது. அங்குத் திரையில் ஒரு நிறம் தோன்றின் இம்முறை பெரும்பரிசு உண்டென்பது குறிப்பு. ஆனால் அந்நிறத்தை நோக்கினாலோ அப்பரிசு இழக்கப்படும். வேறிடத்திருந்த வடிவத்தையே நோக்குதல் வேண்டும். நோக்காமையே ஊதியம், நோக்குதலே இழப்பு. என்றும் கண்கள் சிறுபரிசைக் குறித்த நிறத்தினும் பெரும்பரிசைக் குறித்த நிறத்தின்மேலேயே மிகுதியும் சென்றன. அக்குழுவினர் பிறிதொரு சோதனையில் இவ்விதியை முன்னரே வெளிப்பட எடுத்துரைத்தும் பார்த்தனர். அறிந்தவர் கண்ணும் சென்றது! பொருளாசையால் நோக்கினர் என்பதும் ஈண்டு முற்றும் அமையாது. பொருளை விரும்பினோர் நோக்காதிருத்தலன்றோ முறை? விருப்பம் ஒருபால் ஈர்க்க, பழக்கம் மற்றொருபால் ஈர்த்தது என்பதே பொருந்தும்.

இவ்விடத்து ஒன்று ஆராயத்தக்கது. இச்சோதனைகள் சித்தாந்தத்தை நாட்டிவிட்டன என்று ஆர்ப்பரிப்பார் கூற்றை யாம் உடன்படோம். அவை அளந்தன கண்ணின் செலவும் விடையின் காலமுமே. இவை மாயையின் காரியமாகிய கருவிகளின் தொழிலைச் சார்ந்தன. அநாதியே உயிரைப் பற்றிய ஆணவம் எந்தத் திரையிலும் தோன்றுவதன்று. ஆயிரமுறைப் பழக்கத்தால் வந்தது காட்டப்பட்டதேயன்றி, தொடக்கமின்றி வந்தது காட்டப்படவில்லை. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்கின் மும்மலத்துள் ஒன்று குறைந்தொழியும்.

எனினும் தொடக்கத்து எழுந்த வினாவிற்கு இவை துணையாகாமற் போகவில்லை. அறிந்தமை மாத்திரையால் நோக்கம் திரும்பிவிடும் என்பது அவ்வினாவின் உள்ளே கிடந்த எண்ணம். அவ்வெண்ணம் சில்லறைக் காசளவிலேயே நிலைபெறாதாயிற்று. சிறிது காலம் சில சென்ட் தந்த நிறத்தையே பல திங்களின் பின்னும் கண் விடாதாயின், பிறவிதோறும் இன்பம் தந்ததாகக் கருதப்பட்ட உலகினை ஒரு பாடங்கேட்ட அளவில் உயிர் நோக்காதொழியும் என்று எங்ஙனம் துணிவது? சிலர், அங்ஙனமாயின் கண்ணை மூடிக்கொள்ளலே தக்கதென்பர். ஆசிரியர் அது கூறிற்றிலர். 9-ஆம் சூத்திரத்தில் ஐந்தெழுத்தை ஓதுமாறு கூறியவர், அணைந்தோர் தன்மை கூறும் 12-ஆம் சூத்திரத்தில், மலம் கழுவி, அன்பரோடு கூடி, மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுமாறு பணித்தார். ஞானம் பெற்றார்க்கும் காண்டற்குரியதொன்று அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றது.