மணி பிடிக்காத கதிர்

மார்கழி மாதத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போனால் கரிசல் காட்டில் மானாவாரி மக்காச்சோளம் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கதிரை உரித்துப் பாருங்கள். ஒன்றில் மணிகள் வரிசை தப்பாமல் நிறைந்திருக்கும். இன்னொன்றிலோ பல் விழுந்த வாய்போல் இடையிடையே இடைவெளி. நுனியில் மணியே இராது. நிலமும் ஒன்று, விதையும் ஒன்று. பின் ஏன் இந்த வேறுபாடு?

விடை, கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளில் இருக்கிறது.

ஓர் இழைக்கு ஒரு மணி

மக்காச்சோளத்தில் ஆண் பூக்கள் செடியின் உச்சியில் இருக்கின்றன. பெண் பூக்கள் கதிரில் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு சூலிலிருந்து புறப்பட்டு வெளியே நீள்கிறது. காற்றில் வரும் மகரந்தத்தூள் இழையில் ஒட்டியதும், அதிலிருந்து ஒரு மெல்லிய குழல் முளைக்கிறது. இத்தகைய மகரந்தக்குழலை 1824-இல் முதன்முதலாகக் கண்டவர் இத்தாலிய அறிஞர் அமிச்சி. அவர் பார்த்த செடி எது தெரியுமா? நம் ஊரிலும் விளையும் பருப்புக்கீரைதான்!

மக்காச்சோள மகரந்தத்தூளின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மி.மீ. இழையோ 30 செ.மீ. வரை நீளும். தன்னைவிட 3,000 மடங்கு நீண்ட வழியை அந்தக் குழல் ஏறத்தாழ ஒரே நாளில் கடந்துவிடுகிறது. கண் இல்லை, காது இல்லை. பின் வழியை எப்படி அறிகிறது?

செல்கள் பேசும் மொழி

குழல் தன் நுனியில் மட்டுமே வளர்கிறது. நுனியில் கால்சியம் அயனிகள் மிகுதியாகச் சேர்கின்றன. "இங்கே கட்டு" என்று உத்தரவு இடுவது போன்றது அது. உடனே, செல்சுவர் கட்டும் பொருள்களைச் சுமந்த நுண்ணிய பைகள் அங்கு வந்து சேர, குழல் நீள்கிறது. நுனியின் ஒரு பக்கத்தில் கால்சியம் கூடினால் குழல் அந்தப் பக்கம் திரும்பும்.

இழையின் உள்ளே இருக்கும் திசு, குழலைச் சூலகம் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. கடைசிச் சிறு தொலைவில் சூலே அழைக்கிறது. முட்டைச் செல்லும் அதன் பக்கத்திலுள்ள துணைச் செல்களும் ஒரு சிறு புரதத்தை வெளிவிடுகின்றன. இதை 2005-இல் ஜெர்மனியில் மார்ட்டன், டிரெசல்ஹாஸ் முதலிய ஆய்வாளர்கள் மக்காச்சோளத்திலேயே கண்டறிந்தார்கள். அந்தப் புரதம் உருவாவதைக் குறைத்தபோது, குழல்கள் சூலின் வாயிலை அடைய முடியாமல் வழி தவறின!

உள்ளே நுழைந்த குழலுக்குத் துணைச் செல் இன்னொரு புரதத்தால் "நில்" என்கிறது. குழலின் பொட்டாசிய வாயில்கள் திறக்கின்றன. நீர் புகுந்து நுனி வெடிக்கிறது. வெளிவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நாம் உண்ணும் மாவுப் பகுதியை உண்டாக்குகிறது.

மழை பொய்த்தால்

இத்தனை பேச்சும் நடக்க இழையில் ஈரம் வேண்டும். புரட்டாசியில் விதைத்த பயிர் பூக்கும் நேரத்தில் மழை நின்றுபோனால், இழைகள் வளர்ச்சி குன்றித் தாமதமாக வெளிவருகின்றன. அதற்குள் ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்த்து முடித்திருக்கும். வெளிவந்த இழையும் வெயிலில் உலர்ந்தால் குழல் பாதி வழியில் நின்றுவிடும். கதிர்நுனியின் இழைகளே கடைசியாக வருபவை. நுனி வெறுமையாவதன் இரகசியம் இதுதான்!

ஆகவே பண்ணைக்குட்டையில் கொஞ்சமே நீர் இருந்தாலும், பூக்கும் நாள்களில் பாய்ச்சும் ஒரு தண்ணீர் மற்ற நாள்களில் பாய்ச்சுவதைவிட அதிகப் பலன் தரும்.

செய்து பாருங்கள்

இழைகள் வெளிவந்து ஒரு வாரமான கதிர் ஒன்றைக் காட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இழைகள் அறுந்துவிடாமல் உறையை மெல்ல நீக்கி, காம்பைப் பிடித்து உதறுங்கள். கருவுற்ற சூலின் இழை உதிர்ந்துவிடும். கருவுறாததன் இழை ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை இழைகள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணுங்கள். அறுவடைக்கு முன்பே அந்தக் கதிரில் எத்தனை மணி குறையும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்!