எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள்

இரத்த அணுக்கள் தோன்றும் இடம் எலும்பினுள் அடங்கிய செம்மஜ்ஜையாகும். இவ்வுண்மையை 1868-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டார். அங்குள்ள மூல அணுக்கள் பிரிந்து பெருகிச் சிவப்பணுக்களாகவும் வெள்ளணுக்களாகவும் தட்டணுக்களாகவும் வளர்ச்சி பெறுகின்றன.

வெள்ளணு தன் வளர்ச்சியின் தொடக்கத்தில் கடந்து வரும் இளம் பருவத்திற்குப் 'பிளாஸ்ட்' என்று பெயர். பிளாஸ்ட் அணு பெரிய உட்கருவை உடையது, பெருக வல்லது, ஆயினும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை இன்னும் அடையாதது. நலமுள்ளவரின் மஜ்ஜையில் இவை நூற்றுக்கு 5-க்கும் குறைவாகவே இருக்கும். சுற்றியோடும் இரத்தத்தில் காணப்படுவதில்லை.

மரபணுக்களில் நேரும் மாறுதல்களால் இவ்விளம் அணுக்கள் முதிராமலே பெருகிக்கொண்டிருப்பின், அது கடும் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயாகும். அப்போது மஜ்ஜையில் அவற்றின் அளவு பொதுவாக நூற்றுக்கு 20-ஐ எட்டும். பலரிடம் அதனினும் மிகுந்திருக்கும். முதிராமை இந்நோயில் எத்துணை முக்கியமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. புரோமைலோசைட்டிக் லுகேமியா என்னும் வகையில், வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலம் நோயணுக்களை முதிரச் செய்து நோயைத் தணிப்பதை ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்டனர்.

பிளாஸ்ட் அணுக்கள் மஜ்ஜையை நிரப்பிவிடுவதால் ஏனைய அணுக்களின் உற்பத்தி குன்றுகிறது. நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் இக்குறைவினாலேயே தோன்றுகின்றன. சிவப்பணுக்கள் குறைவதால் உடல் வெளுத்துச் சோர்வு உண்டாகும். தட்டணுக்கள் குறைவதால் ஈறுகளில் இரத்தம் கசியும். அடிபடாமலே தோலில் நீலத் தழும்புகள் காணும். முதிர்ந்த வெள்ளணுக்கள் குறைவதால் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும். குழந்தைகளுக்குக் கால் எலும்புகளில் வலியும் ஏற்படலாம்.

இக்குறிகள் ஒருங்கே காணப்படின் களப்பணியாளர் அதை வெறும் இரத்தசோகை எனக் கருதி இரும்புச்சத்து மாத்திரையோடு நின்றுவிடலாகாது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதிய சான்றன்று. இந்நோயில் அது மிகுந்தோ, குறைந்தோ, இயல்பாகவோ இருக்கக்கூடும். ஆதலால் இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் காண்பது இன்றியமையாதது. ஐயமிருப்பின் இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு மஜ்ஜை எடுத்துச் சோதிப்பர்.

இந்நோய்க்கு மருந்து காணும் முயற்சியில் இந்தியர் ஒருவருக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் அமெரிக்காவில் தயாரித்த அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களுள் 10 பேர் தற்காலிகமாக நலம் பெற்றதை அவர் 1948-இல் அறிவித்தார். இன்று, குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில், முழுச் சிகிச்சை பெறுவோருள் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நீடிக்கும். வலி நீங்கியதும் நோயும் நீங்கியதாக எண்ணி அதை இடையில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. மருத்துவர் இசைவுடன் பள்ளிக்குத் திரும்பும் குழந்தையைத் தனியே ஒதுக்கி அமர்த்த வேண்டியதில்லை. மாறாக, வகுப்பில் பிறருக்குக் காய்ச்சலோ அம்மையோ கண்டால் அக்குழந்தையின் பெற்றோருக்கு உடனே தெரிவிப்பது ஆசிரியரின் கடமையாகும்.