பனிக்குட நீர் குறைந்தால் இளநீர் போதுமா?



"ஸ்கேன்ல தண்ணி கம்மின்னு போட்டிருக்கு, இளநீர் கொடுத்துக்கிட்டு இருக்கோம்." மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பத்தார் பலர் இப்படிச் சொல்கிறார்கள். கோடையில் இந்தப் பேச்சு இன்னும் அதிகம்.

நிறைமாதத்தில் பனிக்குட நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். குழந்தை அதை விழுங்கி மீண்டும் வெளியேற்றுகிறது. அல்லாஹ்வின் ஏற்பாடு அப்படி! நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் சரியாகப் போகாவிட்டால் சிறுநீர் குறைந்து, பனிக்குட நீரும் குறையும். தாயின் ரத்தக் கொதிப்பு, நாள் தள்ளிப்போவது, பனிக்குடம் கசிவது ஆகியவையும் காரணமாகலாம். இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகளும், ஐந்து மாதத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரைக் குறைத்துவிடும். இதைப் பலர் அறிவதில்லை.

தாயின் உடம்பில் நீர் வற்றியிருந்தால், தண்ணீர் குடிக்கப் பனிக்குட நீர் ஓரளவு கூடும். மற்றக் காரணங்களை இளநீர் சரிசெய்யாது.

ஸ்கேன் தாளில் 'ஏ.எஃப்.ஐ.' 5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குறைவு. நீர் குறைந்தால் தொப்புள்கொடி நசுங்கி, குழந்தைக்கு மூச்சு முட்டும் அபாயம் உண்டு. அதனால்தான் 37 வாரம் நிறைந்திருந்தால், பெரும்பாலும் வலி வரவழைத்துப் பிரசவம் பார்க்கச் சொல்கிறார்கள். தாமதம் நேர்வது இங்கேதான். "மாப்பிள்ளை சவூதில இருக்காரு, கேட்டுச் சொல்றோம்" என்று ஒரு நாள் போய்விடுகிறது. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் இது பல வீடுகளின் நிலை. வெளிநாட்டில் இருக்கும் கணவர்மார், ஏழாம் மாதத்திலேயே போனில் வீட்டாரிடம் சம்மதம் சொல்லிவைப்பது நல்லது.

ரமலானில் சிலர், "மாமியார் என்ன நினைப்பாங்களோ" என்று மருத்துவர் தடுத்தும் நோன்பு வைக்கிறார்கள். தனக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிறகு கழாச் செய்துகொள்ளலாம். மாமியார்களும் இதைப் படிக்க வேண்டும்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்கிறதா என்று கவனித்து, இல்லையென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, துணி நனையும்படி நீர் கசிந்தாலோ 9ஆம் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து, பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். ஸ்கேன் தாள்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.