அப்போஃபிஸ்: அடுத்த தெருவில் வரும் பாறை

குறுங்கோள் என்றதும் ஏதோ பெரிய விண்வெளி விஞ்ஞானம், நமக்கு எதுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானும் உங்களைப் போல் சர்வே செயினைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறவன்தான். அந்த சர்வே பாடம் தெரிந்தால் இந்தப் பாறையின் கதை பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. அதிலிருந்து விலகி நம் பக்கம் வந்துவிட்டவை பூமியை ஒட்டிய குறுங்கோள்கள். அதில் ஒன்றுதான் அப்போஃபிஸ். 2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் ஆய்வகத்தில் டக்கர், தோலன், பெர்னார்டி என்ற மூவர் கண்டுபிடித்தார்கள். சூரியனை விழுங்க வரும் எகிப்திய இருட்டுப் பாம்பின் பெயர் அது. நம்மூர் ராகுவுக்கு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பாதையை நாமே கணக்குப் போடலாம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரத்தை 1 என்று கொண்டால், இதன் நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு 0.9226. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இதன் கனம் 0.785, அதற்கு வர்க்கமூலம் 0.886. 365.25-ஆல் பெருக்கினால் சுமார் 324 நாள். அதுதான் அதன் ஒரு வருஷம். மையப்பிறழ்ச்சி 0.191 என்பதால் கிட்டப்போகும்போது 0.746, எட்டப்போகும்போது 1.099. அதாவது உள்ளே வெள்ளியின் பாதை வரை நெருங்குகிறது, வெளியே நம் பாதையைத் தாண்டி வருகிறது. சாய்வு மூணு டிகிரி சொச்சம். ஏறக்குறைய நம் தளத்திலேயே ஓடுவதால்தான் இத்தனை வம்பு.

உருவம்? சராசரி விட்டம் 340 மீட்டர் அளவு, ஆனால் உருண்டை கிடையாது, நீளவாக்கில் இழுத்த கல். அடர்த்தியைத் தண்ணீரைப் போல் 2 மடங்கு என்று எடுத்தால் எடை 4 கோடி டன்னுக்கு வருகிறது. சுழற்சியும் நேர் இல்லை. ஓய்ந்துபோகும் பம்பரம் தலையை ஆட்டுமே, அந்த மாதிரி.

இனி முக்கியமான இடம். ஜூனில் இரண்டு ராத்திரி பார்த்ததோடு பாறை கைநழுவிப் போனது. டிசம்பரில் மறுபடி அகப்பட்டது. கணக்குப் போட்டால், 2029 ஏப்ரல் 13-ல் பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று வந்தது. 2004 டிசம்பர் 27-ல் அந்த வாய்ப்பு 37-ல் ஒன்று! 0 முதல் 10 வரை உள்ள டொரினோ அளவுகோலில் 4-ஐத் தொட்டது. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தக் குறுங்கோளும் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்தத் தேதியைப் பாருங்கள். முந்தின நாள்தான் சுனாமி. கடலோரத்தில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு வானத்துச் செய்தி எப்படி எட்டும்? எங்க வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் அந்த வாரம் என்றால் கடல்தான்.

சரி, வாய்ப்பு ஏன் அப்படி ஏறியது? இரண்டு ரேஞ்சிங் ராடை ஒரு அடி இடைவெளியில் நட்டு, அந்தக் கோட்டை ஒரு மைல் நீட்டிப் பாருங்கள். நூலிழைப் பிசகு அங்கே பல அடியாகிவிடும். ஆக பாறை 2029-ல் எங்கே இருக்கும் என்பது ஒரு புள்ளியாக வராது. நீளமான கயிறாக வரும். அது 100 அடி, அதில் பூமி 1 அடி என்றால் வாய்ப்பு நூற்றில் ஒன்று. மேலும் அளந்ததில் கயிறு 37 அடியாகச் சுருங்கி, அந்த ஒரு அடி இன்னும் உள்ளேயே இருந்தால் 37-ல் ஒன்று. பாறை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சுருங்குவது நம் கயிறு. இன்னும் கொஞ்சம் சுருங்கினால் பூமி சட்டென்று வெளியே விழுந்துவிடும். அதேதான் நடந்தது. 2004 மார்ச்சில் யாரும் கவனிக்காமல் பதிவான பழைய படங்களில் பாறை இருந்தது தெரிய வந்தது. கோட்டின் அடித்தளம் நீண்டது, 2029 மோதல் ரத்து! 2025 பிப்ரவரியில் 2024 ஒய்.ஆர்.4 என்ற சின்னப் பாறை 3.1 சதவீதம் வரை ஏறி, பூமியைப் பொறுத்தவரை ஒன்றுமில்லாமல் இறங்கியதும் இதே கணக்குதான். பத்திரிகைகள் ஏறும்போது போட்ட எழுத்தின் அளவு, இறங்கும்போது போடவில்லை!

அப்புறம் 2036 பற்றிய பயம். 2029-ல் கடக்கும்போது 600 மீட்டர் அகலமுள்ள ஒரு 'சாவித் துவாரம்' வழியாகப் போனால், பூமியின் இழுப்பு அதைச் சரியாக 2036-ல் நம் மேல் திருப்பிவிடும். இதைத் தீர்க்க இன்னொரு நுட்பம் தேவைப்பட்டது. வெயிலில் காய்ந்த மொட்டைமாடி சாயங்காலம் சூட்டைக் கக்குகிறதல்லவா? பாறையும் அப்படித்தான் கக்குகிறது. அதன் எதிர்விசை பாறையைத் தள்ளுகிறது. இதற்கு யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். அதனால் பாதையின் அரை அச்சு வருஷத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் சுருங்குகிறது. 2021 மார்ச்சில் 1.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தபோது ரேடாரில் பிடித்து, குறைந்தது நூறு வருஷத்துக்கு மோதல் இல்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் 2029-ல் அது வரத்தான் போகிறது. நம் நேரப்படி ஏப்ரல் 14, விடியற்காலை மூன்றேகால் மணி வாக்கில், தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர். நம் டிவி செயற்கைக்கோள்கள் நிற்பதே 35,786 கிலோமீட்டரில்! அந்த ஒரு சந்திப்பில் அதன் அரை அச்சு சுமார் 1.1 ஆகி, வருஷம் 324 நாளிலிருந்து 420 நாளை ஒட்டி நீண்டுவிடும். பூமியின் இழுப்பில் பாறை குலுங்குமா, மேல்மண் சரியுமா என்று பார்க்கத்தான், 2023-ல் பென்னுவின் மண்ணைக் கொண்டுவந்து போட்ட அமெரிக்க விண்கலத்தை இதன் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் ராம்செஸ் கலம் 2028-ல் கிளம்பத் திட்டம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் இருட்டான இடத்தில் நின்றால் தொலைநோக்கி இல்லாமலே தெரியும்: ஒரு சாதாரண நட்சத்திரம் மாதிரி, ஆனால் நகரும்.